கடல் திறக்கும் கதவு

தாய்லாந்து நாட்டின் தென்பகுதி, யானையின் துதிக்கை போல நீண்டு மலேசிய நாட்டைச் சென்று தொடுகின்றது. அத்துதிக்கையின் மேற்குப் புறத்தில், புக்கெட் என்னும் பெருந்தீவுக்கும் நிலப்பகுதிக்கும் இடையே, அந்தமான் கடல் உட்புகுந்து கிடக்கின்றது. அவ்விடமே பங்ஙா விரிகுடா. ஐரோப்பியப் பயணிகள் இப்பெயரைச் சொல்ல வாய் வருந்துவர். ‘அங்ஙனம்’, ‘இங்ஙனம்’ என்று சொல்லிப் பழகிய தமிழ் நாவுக்கோ அதில் வருத்தம் இல்லை. நம் நெடுங்கணக்கில் வேலையின்றி அமர்ந்திருப்பதாகச் சிலர் எள்ளும் ஙகர ஆகாரம், அந்நாட்டில் ஓர் ஊரின் பெயரையே தாங்கி நிற்கின்றது!

இவ்விரிகுடாவில் நூற்றுக்கு மேற்பட்ட தீவுகள் உள்ளன. மணல் பரந்து தென்னை சாய்ந்த தீவுகள் அல்ல அவை. கடலின் நடுவே திடுமென எழுந்து, சுவர்போல் செங்குத்தாக நிற்கும் சுண்ணாம்புக்கல் மலைகள். சில 200 மீட்டருக்கு மேலும் உயர்ந்தவை. உச்சியில் காடு, இடையில் வெண்மையும் செம்மையும் கருமையும் கலந்த பாறை, அடியில் பச்சைக் கடல். மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி என்றும், கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் என்றும் நம் முன்னோர் வகுத்தனர்; இரண்டு நிலங்களின் இயல்புகள் ஒன்றிற் கலந்து வருவதைத் திணைமயக்கம் என்றனர். அம்மயக்கத்தை ஏட்டில் மட்டும் கண்டவர், பங்ஙாவில் அதனைக் கண்ணெதிரே காணலாம். அங்கே குரங்குகள் மரத்தினின்று இறங்கி வந்து, பாறை இடுக்கில் நண்டு பிடித்துத் தின்கின்றன.

இம்மலைகள் கடலிற் பிறந்தவை. 25 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த சிற்றுயிர்களின் ஓடுகளும் கூடுகளும் கடலடியில் படிந்து இறுகிக் கல்லாயின. நிலம் மடிந்து எழுந்தபோது அக்கல் மலையாயிற்று. பின்னர் மழை தன் தொழிலைத் தொடங்கியது. வானினின்று விழும் நீர், காற்றில் உள்ள கரியமிலவாயுவைச் சிறிது கலந்துகொண்டு மெல்லிய புளிப்புத் தன்மை பெறுகின்றது. சுண்ணாம்புக்கல்லை அப்புளிப்பு சிறிது சிறிதாகக் கரைக்கும். ஆகவே, மலைகளின் வயிற்றில் குகைகள் உண்டாயின. 20,000 ஆண்டுகளுக்கு முன்னர்ப் பனியூழியில் கடல் மட்டம் இன்றைக்கு 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தது. அன்று இவ்விரிகுடா ஒரு சமவெளி. இத்தீவுகள் அதில் நின்ற குன்றுகள். பனி உருகிக் கடல் ஏறிவந்து குன்றுகளின் காலைச் சூழ்ந்துகொண்டது.

இனி, இம்மலைகளின் உள்ளே ஒளிந்துள்ள புதுமையைக் கூறவேண்டும். சில மலைகளில் குகையின் கூரை இடிந்து விழுந்துவிட்டது. அதனால் மலையின் நடுவே, மேலே வானம் தெரியும்படி ஒரு முற்றம் அமைந்தது. நாற்புறமும் பாறைச் சுவர், தரையோ கடல். நம் பழைய வீடுகளின் நடுமுற்றத்தை நூறு மடங்கு உயர்த்தி நினைத்துப் பார்த்தால் ஒருவாறு விளங்கும். இதனைத் தாய் மொழியினர் ‘ஹொங்’ என்பர். அறை என்பது அதன் பொருள். வெளியே படகில் சுற்றி வருவோர்க்கு அறை ஒன்று உள்ளே இருப்பதே தெரியாது. மலையடியில் உள்ள ஒரு சிறு துளையே அதன் வாயில். அவ்வாயிலைத் திறப்பதும் அடைப்பதும் கடல். ஓதம் மிக ஏறினால் துளை முழுகிவிடும். மிக இறங்கினால் வழி சேறாகிவிடும். இரண்டுக்கும் நடுவே சிறிது பொழுதுதான் தோணி செல்லும்.

அந்தச் சிறிது பொழுதை நாடி, அமாவாசைக்கு மறுநாள் ஒரு சிறு குழு புக்கெட் தீவின் வடகிழக்கில் உள்ள ஆவ் போ துறையிலிருந்து புறப்பட்டது. பயணிகள் எண்மர். அவர்களுள் ஒரு முதிய தம்பதியரும், பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் இருந்தனர். காற்றடைத்த சிறு தோணிகளைப் பெரிய படகின் மேல் ஏற்றியிருந்தனர். ஒரு தோணிக்கு இரு பயணிகள், ஒரு துடுப்பாளர் என்பது கணக்கு. துடுப்பாளர்க்குத் தலைவர் ஐம்பது வயதைக் கடந்தவர். இளைஞர்கள் அவரை ‘லுங்’ என்று அழைத்தனர். தாய் தந்தையர்க்கு மூத்தவரைக் குறிக்கும் முறைப்பெயர் அது. நாம் பெரியப்பா என்பது போல. படகின் முகப்பில் பலநிறத் துணிகளும் ஒரு பூமாலையும் கட்டியிருந்தன. படகைக் காக்கும் ‘மே யா நாங்’ என்னும் தெய்வத்துக்கு அது காணிக்கை. ஆகையால் முகப்பில் கால் வைத்தலாகாது என்று சிறுமியிடம் முதலிலேயே சொல்லிவிட்டனர்.

துடுப்பாளருள் சிலர் பன்யீ என்னும் ஊரினர். அவ்வூரின் வரலாறு சுவையானது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சாவகத்திலிருந்து வந்த முஸ்லிம் மீனவர் சிலர், ஒரு மலைத்தீவின் அடியில், நீரிலேயே கால் நட்டுக் குடில் அமைத்தனராம். இன்று வீடும், கடையும், பள்ளிக்கூடமும் கடலின்மேல் நிற்கின்றன. ஓடி விளையாட ஒரு முழம் மண் இல்லாத அவ்வூர்ச் சிறுவர்கள், 1986-இல் உலகக் கால்பந்துப் போட்டியைத் தொலைக்காட்சியிற் கண்டு ஆசை கொண்டனர். பழம்பலகைகளைப் பிணைத்து மிதக்கும் ஆடுகளம் ஒன்றை ஆக்கி ஆடத் தொடங்கினர். பந்து கடலில் விழுந்தவுடன் ஆடுபவரும் கடலில் குதிக்கவேண்டும். கால்பந்தோடு நீச்சலும் கற்பிக்கும் ஆடுகளம் உலகில் எத்தனை உண்டு?

வழியில் கருடன்கள் வட்டமிட்டன. வெண்தலையும் செந்நிறச் சிறகும் உடைய இப்பறவையை நம் நாட்டார் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொள்வர். தாய்லாந்திலும் அதற்குச் சிறப்பு உண்டு. அந்நாட்டின் அரசு இலச்சினையே கருடன்தான்.

மாலை ஐந்து மணிக்குப் படகு பனாக் தீவின் அருகே நின்றது. லுங் நெடுநேரம் மலையடியை நோக்கினார். கடல்நீர் தொட்டுத் தொட்டு அரித்ததால் அங்கே நீளமான ஒரு பள்ளம் உண்டு. அதன்மேல் சிப்பிகள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும். சிப்பிவரிசையில் எவ்வளவு நனைந்துள்ளது, எவ்வளவு உலர்ந்துள்ளது என்பதே அவருக்குக் கடிகாரம். அந்தக் கடலில் ஓதம் நாளொன்றுக்கு இருமுறை ஏறி இருமுறை இறங்கும். ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் ஏற்றமும் மிகுதி, இறக்கமும் மிகுதி. இத்தனையும் அச்சிட்ட அட்டவணையிற் காணலாம். ஆயினும், இன்ன குகையின் கூரை இன்ன வேளையில் நீருக்கு மேல் எத்தனை சாண் நிற்கும் என்பதை எந்த அட்டவணையும் சொல்லாது. பலகாலம் புகுந்து வெளிவந்தவரே அதனை அறிவர்.

தோணிகள் இறங்கின. வாயில் நெருங்கியதும், “படுத்துக்கொள்ளுங்கள்” என்றார் துடுப்பாளர். அனைவரும் மல்லாந்து படுத்தனர். செல்வரும் படுத்தார், கல்வியிற் பெரியவரும் படுத்தார், தலை நிமிர்ந்து அவ்வாயிலில் நுழைந்தவர் எவரும் இலர். மூக்கின் நுனிக்கு மேலே ஒரு சாணில் பாறை. அதில் கத்திபோற் கூரிய சிப்பிகள். தோணி அப்பொழுதும் தட்டியது. துடுப்பாளர் அதன் காற்றைச் சிறிது திறந்துவிட, தோணி இரண்டு விரல் தாழ்ந்தது. இருளில் நீர் மோதும் ஓசை மட்டும் கேட்டது. வௌவால் எச்சத்தின் நாற்றம் மூக்கைத் துளைத்தது. கைவிளக்கின் ஒளியில் விழுதுப் பாறைகள் மின்னி மறைந்தன. துளித்துளியாகச் சொட்டும் நீரிலுள்ள சுண்ணாம்பு படிந்து படிந்து உண்டான அவ்விழுதுகள் வளர்வதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆயின. ஒரு கை பட்டு முறிவதற்கு ஒரு நொடி போதும். ஆதலின், ‘கையை உள்ளே வைத்துக்கொள்க’ என்னும் கட்டளை பயணிகளின் விரலுக்காக மட்டும் இட்டதன்று.

திடுமென வெளிச்சம். அனைவரும் எழுந்து அமர்ந்தனர். மலையின் நடுமுற்றம்! சுவர்களில் கொடிகள் படர்ந்திருந்தன. மிக உயரத்தில் வட்டமாக வானம். வெளியே வெயில் இருக்க, உள்ளே அந்தி இறங்கத் தொடங்கிவிட்டது. நீரில் கண்டல் மரங்கள் தம் வேர்களைப் பல கால்கள் போல ஊன்றி நின்றன. கரைச் சேற்றில், நீரைவிட்டு ஏறிவந்த சிறு மீன்கள் துள்ளித் துள்ளிச் சென்றன. ஒற்றைக் கொடுக்கு மட்டும் பெருத்த நண்டுகள், அதனை உயர்த்தி உயர்த்தி யாரையோ அழைத்தன. சிறுமி வாய்திறந்தாள். துடுப்பாளர் உதட்டில் விரல் வைத்தார். அறையின் சுவர் சிறு ஒலியையும் பெருக்கும். ஒருவர் உரக்கப் பேசினால் மீன்கொத்தியும் குரங்கும் மறைந்துவிடும். எண்மர் மௌனமாயிருத்தல் இயலும். எண்பதின்மர் நுழைந்தால், மௌனம் வேண்டுமென்று யார் யாரைக் கேட்பது?

இக்கேள்வி வெறுங்கேள்வியன்று. 1980-களின் இறுதியில் ஒருசிலரே தோணியில் வந்து இவ்வறைகளைக் கண்டு சென்றனர். செய்தி பரவியதும் கூட்டம் பெருகிற்று. அருகில் ‘ஆணித்தீவு’ எனப் பொருள்படும் கோ தாப்பு என்னும் பாறை உள்ளது. 20 மீட்டர் உயரம். தலை பருத்து அடி சிறுத்தது. 1974-இல் வெளியான ஆங்கிலத் திரைப்படம் ஒன்றில் அது இடம்பெற்றது. அதன்பின் அதனைத் தொட்டுப் பார்க்கப் படகுகள் திரண்டன. சிறுத்த அடியை மேலும் அரித்துவிடும் என அஞ்சி, 1998 முதல் படகுகள் அதனை நெருங்குதல் தடுக்கப்பட்டது. விரிகுடாவின் ஒரு பகுதி 1981-இல் தேசியப் பூங்கா ஆயிற்று. 2002-இல் உலகச் சிறப்புடைய ஈரநிலங்களின் பட்டியலிலும் இடம்பெற்றது. ஆயினும், சட்டம் கடலில் நெடுந்தொலைவு நீந்தாது. படகோட்டியின் மனமே அங்கே காவலன். அவனுக்கும் குடும்பம் உண்டு. கூட்டம் மிகுந்தால் வருவாய் மிகும். அறை கெட்டால் வருவாயே இல்லை. இவ்விரண்டுக்கும் நடுவே அவன் பிழைக்க வேண்டியிருக்கின்றது.

ஆறு மணிக்குச் சற்று முன்னர் லுங் கையசைத்தார். வந்தபோது ஒரு சாண் இருந்த இடைவெளி, திரும்பும்போது நான்கு விரல் குறைந்திருந்தது. தோணியின் காற்றை இன்னும் தளர்த்தித்தான் வெளியேற நேர்ந்தது.

அடுத்த தீவில் மற்றோர் அறை உண்டு. முன்னதைவிட அழகியது என்று பயணிகள் கேள்விப்பட்டிருந்தனர். படகு அங்கே சேர்ந்தபோது மணி ஆறேகால். வாயில் திறந்தே இருந்தது. இரண்டு சாண் இடைவெளி கண்ணுக்குத் தெரிந்தது. லுங் சிப்பிவரிசையைப் பார்த்தார், தலையை அசைத்தார்.

“இல்லை” என்றார்.

பயணிகளுள் ஒருவர் சினந்தார். “கதவு திறந்திருக்கின்றதே! இவ்வளவு தொலைவு வந்தோம், பணமும் கொடுத்தோம். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுத் திரும்பினால் என்ன?” என்றார்.

லுங் குரலை உயர்த்தவில்லை. “ஐயா, உள்ளே செல்ல இடம் இருக்கின்றது, திரும்பி வர இடம் இராது. இக்குகை நடுவில் தாழ்ந்தது. கடல் முதல் ஒரு மணி நேரம் மெல்ல ஏறும். மூன்றாம் மணியிலும் நான்காம் மணியிலும் விரைந்து ஏறும். இப்பொழுது அந்த வேளை. அடைபட்டால், நள்ளிரவு கடந்து இரண்டரை மணிக்குத்தான் கதவு மறுபடியும் திறக்கும்” என்றார்.

அவர் மறுமொழி கூறவில்லை. முதியவர் மட்டும், “கடலிடம் முறையிட ஆள் இல்லை” என்று தம் மனைவியிடம் மெல்லச் சொன்னார். தோணிகள் வாயிலின் முன் மிதந்தன. அனைவரும் பார்த்துக்கொண்டே இருந்தனர். இரண்டு சாண் ஒன்றரை ஆயிற்று, பின் ஒன்றாயிற்று. இறுதியில் ஒரு சிற்றலை வந்து பாறையை முத்தமிட்டது. கதவு இருந்த சுவடே இல்லை. காண வந்த அறையைக் காணாத அக்குழுவினர் கண்டது, அறையைக் கண்டவர் பலரும் காணாத காட்சி.

இதற்குள் மேற்கே கதிரவன் புக்கெட் மலைகளின்மேல் இறங்கினான். நெய்தல் நிலத்துக்குரிய சிறுபொழுதை ‘எற்பாடு’ என்பர் இலக்கணம் வல்லார். எல் என்பது கதிரவன். பாடு என்பது மறைதல். தீவுகள் ஒவ்வொன்றாகக் கருநிழலாயின. உழவாரக் குருவிகள் கூட்டங் கூட்டமாகக் குகைகளுக்குத் திரும்பின. தம் உமிழ்நீராலேயே கூடு கட்டும் இக்குருவிகளின் கூட்டைச் சீனர் விலைமிக்க உணவாகக் கொள்வர். அதற்காக மூங்கில் ஏணி கட்டி, உயிரைப் பணயம் வைத்து ஏறுவோர் உளர்.

கதிரவன் மறைந்த அத்திசையில் கடலைக் கடந்து சென்றால் ஈழமும் தமிழகமும் வரும். அவ்வழியே காற்றை நம்பிக் கலம் செலுத்தி வந்த தமிழர், இக்கரையை நன்கு அறிந்திருந்தனர். பங்ஙா மாகாணத்திலேயே, மேற்குக் கரையில் தக்குவாபா என்னும் ஊர் உள்ளது. அவ்வூர்ப் பகுதியில் 9-ஆம் நூற்றாண்டைச் சார்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. அவனிநாரணம் என்னும் பெயரால் ஒரு குளம் தோண்டப்பட்டதையும், அது மணிக்கிராமத்தார் முதலிய வணிகக் குழுவினரின் காவலில் விடப்பட்டதையும் அது கூறுகின்றது. அவனிநாரணன் என்பது மூன்றாம் நந்திவர்ம பல்லவனுடைய சிறப்புப் பெயர். இராசேந்திர சோழன் மெய்க்கீர்த்தியில் வரும் தலைத்தக்கோலம் இவ்வூரே என்பது ஆராய்ச்சியாளர் பலர் கருத்து. அண்டையில் உள்ள கிராபி மாகாணத்தில், பொன் உரைத்துப் பார்க்கும் ஒரு சிறு கல் கிடைத்தது. அதில் ‘பெரும்பதன் கல்’ என்று பழந்தமிழ் எழுத்தில் பொறித்திருக்கின்றது. பெயரை எழுதிவைத்த அப்பொற்கொல்லன், கல்லைத் தொலைத்த அன்று எவ்வளவு தேடியிருப்பான்! வாணிகத்துக்கு வந்தவர்களும் ஓதம் அறிந்த உள்ளூர்ப் படகோட்டியின் சொற்கேட்டே துறை சேர்ந்திருப்பார்கள்.

இருள் சூழ்ந்தது. உணவுக்குப் பின் பயணிகள் வட்டமாக அமர்ந்து ‘கிராதோங்’ செய்தனர். வாழைத்தண்டை வட்டமாக நறுக்கி, வாழையிலையை மடித்து விளிம்பில் ஊசியால் செருகி, நடுவே செவ்வந்திப் பூவும் ஊதுவத்தியும் மெழுகுத்திரியும் வைத்து ஆக்குவது அது. தாய்லாந்து மக்கள் தம் பன்னிரண்டாம் மாதத்து முழுமதி நாளில், பெரும்பாலும் நவம்பரில், நீர்த்தெய்வத்துக்கு நன்றியாக இதனை நீரில் விடுவர். இடர்களையும் அதனோடு அனுப்பிவிடுவதாக நம்புவர். ஆடிப்பெருக்கில் காவிரியில் விளக்கு மிதக்கவிடும் மக்களுக்கு இதனை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. சினந்த பயணிக்கு இலை மடிக்க வரவில்லை. லுங் அருகே அமர்ந்து மடித்துக் கொடுத்தார்.

மலையடியின் ஒரு திறந்த குகைக்குள் தோணிகள் மீண்டும் சென்றன. விளக்குகளை அணைத்தனர். “கையை நீரில் விடுங்கள்” என்றார் துடுப்பாளர். சிறுமி கைவிட்டாள். விரல்களைச் சுற்றி நீலப்பொறிகள் சிதறின! துடுப்பு அசையும் இடமெல்லாம் ஒளி; துடுப்பினின்று வடியும் துளியெல்லாம் ஒளி. கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள், நீர் கலங்கும்போது உமிழும் ஒளி இது. 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையிலும் ஓரிரவு இவ்வாறு அலைகள் நீலமாய் ஒளிர்ந்தன. ஊரே திரண்டு வந்து பார்த்தது. நிலவில்லாத இரவிலேயே இவ்வொளி நன்கு தோன்றும். அமாவாசையை அடுத்து அக்குழுவினர் வந்ததன் பயன் அங்கே கிட்டியது.

பின்னர்க் கிராதோங்குகளை ஏற்றி நீரில் விட்டனர். அலையில்லாத அக்குகையில் அவை மெல்லச் சுழன்று மிதந்தன. பாறைக் கூரையில் தீபங்களின் நிழல் ஆடிற்று. முதியவரும் அவர் மனைவியும் கைகூப்பினர். சிறிது நேரம் எவரும் பேசவில்லை.

தோணிகள் திரும்பும்போது லுங்கின் தோணி மட்டும் பின்தங்கியது. சிறுமி திரும்பிப் பார்த்தாள். அவர் மிதந்து சென்ற கிராதோங்குகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தோணியில் வைத்துக்கொண்டிருந்தார். ஒன்று பாறை இடுக்கில் சிக்கியிருந்தது. துடுப்பால் அதனை மெல்ல இழுத்து, நனைந்த ஊதுவத்தியையும், நீரில் உதிர்ந்த இதழ்களையும் பொறுக்கினார். கடைசித் தீபத்தை எடுத்ததும் குகை இருண்டது. அவர் துடுப்பிட்ட வழி மட்டும் நீலமாய்த் தெரிந்தது.